வயலை மனையாக்கும் ஃபைல் வந்துவிட்டதா? முதல்முறை ஆட்சேபணை எழுதுபவர்களுக்கு

வரப்போரம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை நட்ட பிறகுதான் நம்மில் பலருக்கு விஷயமே தெரிகிறது. அப்புறம் கூட்டம் கூடுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம், அதிகாரியைப் பார்க்கப் போகிறோம். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு "இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்கிறார். கோபம் வரும்தான். ஆனால் பெரும்பாலும் அவர் சொல்வது உண்மை. கல் நடுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே யாரோ ஒரு வரைபடத்தில் அந்த வயலின் நிறத்தை மாற்றியிருப்பார்கள். அந்த வரைபடம் ஏதோ ஓர் அலுவலகச் சுவரில் முப்பது நாளோ அறுபது நாளோ தொங்கியிருக்கும். யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டோம்.

நான் வக்கீல் இல்லை, நகரமைப்பு படித்தவனும் இல்லை. இந்த மாதிரி விவகாரங்களில் சிலமுறை ஜெயித்திருக்கிறேன், பலமுறை தோற்றிருக்கிறேன். தோற்றபோதெல்லாம் நியாயம் எங்கள் பக்கம்தான் இருந்தது. ஒன்று, நேரம் கடந்திருந்தது. இல்லையென்றால் அந்த நியாயத்தை ஃபைலில் ஏறுகிற மாதிரி எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. கீழே இருப்பது அந்த இரண்டையும் சரிசெய்ய நான் கற்றுக்கொண்டது. சட்டத்தின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் நாட்டுக்கு நாடு வேறு, வேலை நடக்கிற வரிசை மட்டும் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஃபைல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

முதலில் இதைக் கண்டுபிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒரு வயல் கட்டடமாக மாற மூன்று வாசல் தாண்ட வேண்டும். முதல் வாசல், பத்து இருபது வருடத்துக்கு ஒருமுறை போடும் மொத்தப் பகுதிக்கான வளர்ச்சித் திட்டம். எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று வரைபடத்தில் நிறம் கொடுப்பது இங்கேதான். இரண்டாவது, அந்தத் திட்டத்தில் விவசாயம் என்று இருக்கும் ஒரு குறிப்பிட்ட நிலத்தை மட்டும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றச் சொல்லி வரும் விண்ணப்பம். மூன்றாவது, லேஅவுட்டுக்கோ கட்டடத்துக்கோ தரும் அனுமதி.

முதல் வாசலில் உங்கள் ஒரு கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு மூன்றாம் வாசலில் நூறு கடிதத்துக்குக்கூட இருக்காது. மூன்றாம் கட்டத்தில் சாலை அகலம், வடிகால், வாகன நிறுத்தம் இவற்றைப் பற்றித்தான் பேசவே விடுவார்கள். "இங்கே வீடு வரலாமா" என்ற கேள்வி அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1973இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போட வேண்டும், வளர்ச்சி அதற்குள்ளே, வெளியே உள்ள விளைநிலத்துக்குத் தனிப் பாதுகாப்பு. அங்கே சண்டை வந்தால் பெரும்பாலும் அந்தக் கோட்டை எங்கே போடுவது, எவ்வளவு நகர்த்துவது என்றுதான் வரும். நம் ஃபைல்களிலும் அப்படி ஒரு கோடு எங்கோ இருக்கும், அது யாருடைய மேசையில் எப்போது வரையப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால், இப்போது பிரச்சினை எதுவும் இல்லையென்றாலும், உங்கள் பகுதியின் வளர்ச்சித் திட்டம் எந்த வருடம் முடிகிறது, அடுத்ததற்கு வரைவு எப்போது வரும் என்று ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதியையும், அன்று அலுவலகம் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். எங்கள் முதல் ஆட்சேபணையைக் கடைசி நாளன்று தபாலில் போட்டோம். தபால் போட்ட தேதி கணக்கில்லையாம், கையில் கிடைத்த தேதிதான் கணக்காம். பதினோரு பக்கம் எழுதியிருந்தேன், பிரிக்காமலேயே திரும்பி வந்தது.

முழு ஃபைலையும் வாங்கிப் படியுங்கள்

செய்தித்தாளில் வரும் நான்கு வரி அறிவிப்பை வைத்து ஆட்சேபணை எழுதாதீர்கள். விண்ணப்பம், அதோடு கொடுத்த வரைபடம், மண் அறிக்கை, நீர் அறிக்கை, போக்குவரத்து அறிக்கை, வேளாண்மைத் துறை ஏதாவது கருத்து சொல்லியிருந்தால் அது, எல்லாவற்றையும் கேளுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கும் நாடென்றால் அதன் கீழ் எழுத்தில் கேளுங்கள், ஆனால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதலில் நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்பது நல்லது. பல இடங்களில் பார்க்க விடுவார்கள், படம் எடுக்கத்தான் விடமாட்டார்கள். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள்.

படிக்கும்போது சுருக்கத்தை விட்டுவிட்டு இணைப்புகளுக்குப் போங்கள். சுருக்கம் விண்ணப்பதாரர் சொல்ல விரும்புவது, இணைப்புகளில்தான் அவருக்கே கவனம் இல்லாமல் விழுந்த உண்மைகள் இருக்கும்.

ஓர் உதாரணம். நாங்கள் பார்த்த ஓர் அறிக்கையில் நிலத்தின் புகைப்படங்கள் ஆறு இருந்தன. எல்லாவற்றிலும் காய்ந்த தாள், நடுநடுவே களை, ஓர் ஓரத்தில் உடைந்த மரச்சட்டம். அடியில் "பயன்பாட்டில் இல்லாத நிலம்" என்று எழுதியிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு பெரியவர்தான் சிரித்தார்: "அறுத்துப் பத்து நாள் ஆன வயலய்யா இது, தாளே இன்னும் மஞ்சளா நிக்குது." அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட இரண்டு வாரத்தில் வந்து படம் எடுத்துவிட்டுத் தரிசு என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மூன்று வருடப் படங்கள், விதை வாங்கிய ரசீது, விளைச்சல் விற்ற ரசீது எல்லாவற்றையும் தேதிவாரியாக வைத்தோம். அந்த ஒரு வார்த்தையைத் திருத்த வேண்டியதாயிற்று. அதைத் திருத்தியதும் அந்த அறிக்கையின் பாதிக் கணக்கு தானாகவே விழுந்தது.

"காலி நிலம்", "வெற்று நிலம்", "குறைவாகப் பயன்படும் நிலம்" மாதிரி சொற்கள் எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுங்கள்.

மண்ணைப் பற்றி அவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்து வைத்திருங்கள்

எல்லா விளைநிலமும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் காப்பாற்றக் கிளம்பினால் எதையும் காப்பாற்ற முடியாது. நல்ல மண்ணுக்கு வலுவாக நிற்க வேண்டும், கல்லும் உப்புமான இடத்தைச் சில சமயம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இதை ஆர்வலர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் இதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பல நாடுகளில் நிலத்தைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1 முதல் 5 வரை தரம், அதில் மூன்றாம் தரத்தை மட்டும் 3அ, 3ஆ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். 1, 2, 3அ ஆகிய மூன்றும்தான் "சிறந்த நிலம்" என்ற பாதுகாப்புக்குள் வரும். வளர்ச்சித் திட்டத்தில் சேராத ஒரு விண்ணப்பத்தால் அப்படிப்பட்ட நிலம் 20 ஹெக்டேரோ அதற்கு மேலோ போகும் என்றால் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், பொதுமக்களுக்குக் கிடைக்கும் பழைய தர வரைபடத்தில் 3அ, 3ஆ பிரிவே கிடையாது, வெறும் 3 என்றுதான் இருக்கும். அதன் அளவும் 1:2,50,000, அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் இரண்டரை கிலோமீட்டர். ஒரு தனி வயலின் தரத்தை அதை வைத்துச் சொல்லவே முடியாது. குழி தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் நாட்டில் வேறு மாதிரி தரம் பிரித்திருக்கலாம், கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: இந்த அறிக்கையில் சொல்லும் தரம் வரைபடத்திலிருந்து எடுத்ததா, வயலில் இறங்கிப் பார்த்து எழுதியதா? இறங்கிப் பார்த்தார்கள் என்றால் எத்தனை இடத்தில் குழி போட்டார்கள், எந்த மாதத்தில்? வரைபடத்திலிருந்து என்றால் அந்த வரைபடத்தின் அளவு என்ன, எந்த வருடத்தது?

நீங்களும் ஒருமுறை தோண்டிப் பாருங்கள், நில உரிமையாளர் அனுமதியோடு. மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. மேலே கருத்த மண் எத்தனை விரற்கடை இருக்கிறது, வேர் எதுவரை இறங்கியிருக்கிறது, மண்புழு இருக்கிறதா, எங்கே கெட்டிப்படுகிறது என்று பார்த்து அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அப்புறம் ஒரு பிடி மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே வாருங்கள். நாடா மாதிரி நீளும். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல் அதிகம். இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் வண்டல் வகை, ஐந்து சென்டிமீட்டர் வரை வந்தால் களி கலந்த வண்டல், அதற்கு மேலும் தொங்கினால் களி. மண் ஆய்வாளர்களே வயலில் செய்யும் சோதனைதான் இது, ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது. ஆனால் அறிக்கையில் "மணற்பாங்கான, வளமற்ற மண்" என்று எழுதியிருக்கும்போது உங்கள் கையில் ஏழு சென்டிமீட்டர் நாடா தொங்கினால், மறு ஆய்வு கேட்க அது போதுமான காரணம்.

கூடவே ஒன்று. அந்த மேல்மண் சில சென்டிமீட்டர் உருவாக ஆயிரம் வருடம் வரை ஆகலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. இதை ஆட்சேபணையில் ஒரே ஒரு வரியில் எழுதுங்கள், இரண்டாவது தடவை எழுதினால் பிரசங்கம் ஆகிவிடும்.

நீரும் வழியும்

அமெரிக்காவில் 1981இல் வந்த விளைநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் பணம் போகும் திட்டங்களுக்கு ஒரு மதிப்பெண் படிவம் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 260. அதில் மண்ணுக்கு 100தான், மீதி 160 சுற்றுப்புறத்துக்கு: பக்கத்தில் எவ்வளவு தூரம் விவசாயம் நடக்கிறது, நகரம் எவ்வளவு தொலைவு, இந்த நிலம் போனால் மிச்ச நிலத்தில் விவசாயம் செய்ய முடியாமல் போகுமா என்பது மாதிரி கேள்விகள். அந்தப் படிவம் உங்கள் ஊருக்குச் செல்லாது, அந்தக் கேள்விகளை நீங்கள் எடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஏனென்றால் ஒரு வயல் போனால் ஒரு வயல் மட்டும் போவதில்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு வயல் விட்டு ஒரு வயலாகப் போகும் இடத்தில், நடுவில் இருக்கும் ஒருவர் விற்றுவிட்டார் என்று வையுங்கள். மனை போடுபவர் முதலில் செய்வது தரையை உயர்த்துவது. மண் கொட்டி, சாலை போட்டு, சுற்றுச்சுவர் எழுப்பினால் கீழே உள்ளவர்களுக்குப் பாசனமும் வராது, மழை நாளில் மேலே உள்ளவர்களுக்குத் தண்ணீர் வடியவும் வடியாது. நாங்கள் ஒருமுறை செய்தது இதுதான்: விண்ணப்பத்தில் இருந்த லேஅவுட் படத்தின் மேல் டிரேஸிங் பேப்பர் வைத்து, அந்தப் பகுதியின் வாய்க்கால், மடை, வண்டிப்பாதை எல்லாவற்றையும் நீலப் பேனாவால் வரைந்தோம். விண்ணப்பப் படத்தில் "உட்புறச் சாலை 3" என்று இருந்த இடத்தில் எங்கள் தாளில் ஒரு வாய்க்கால் ஓடியது. அதற்குக் கீழே எத்தனை வயல், எத்தனை குடும்பம் என்று எண்ணி ஒரு பட்டியல் போட்டோம். அரை நாள் வேலை. விசாரணையில் மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு தாளைத்தான் அதிகாரிகள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

வண்டிப்பாதையை மறக்காதீர்கள். அறுவடை இயந்திரமும் டிராக்டரும் போக அகலம் வேண்டும், திரும்ப இடம் வேண்டும். இரண்டு பக்கமும் வீடு வந்த பிறகு, விடிகாலையில் இயந்திரச் சத்தம், எரு நாற்றம், தூசி என்று புகார் வர ஆரம்பிக்கும், புகார் கொடுப்பவர்கள் பிறகு வந்தவர்கள்தான் என்றாலும். இதற்காகவே அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் விவசாயம் செய்யும் உரிமையைக் காக்கும் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"இது வெறும் ஆறு ஹெக்டேர்தானே?"

உணவுப் பாதுகாப்பு என்று பேச்சை எடுத்தால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மொத்த விளைநிலத்தில் இது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எத்தனையோ சதவீதம் என்று ஒரு கணக்கையும் காட்டுவார்கள். கணக்கு தப்பில்லை. ஒவ்வொரு ஃபைலிலும் அதே கணக்கு சரியாகத்தான் வரும், அதுதான் சிக்கல்.

இதற்குப் பதில் உங்கள் பகுதியின் பழைய முடிவுகளில் இருக்கிறது. கடந்த பத்து வருடத்தில் விவசாயத்திலிருந்து மாற்றப்பட்ட நிலங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, பரப்பைக் கூட்டுங்கள். முடிந்தால் ஒரே வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். தனித்தனியாக "வெறும் ஆறு" என்று போனவை சேர்ந்து நிற்கும்போது வேறு மாதிரி தெரியும். எத்தனை ஹெக்டேர் போன பிறகு இந்த அலுவலகம் போதும் என்று சொல்லும், அந்த எண் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1992இல் போட்ட திட்டப்படி, பயிர் சுழற்சிக்கு ஏற்ற நிலம் குறைந்தது 4,38,460 ஹெக்டேர் எப்போதும் இருக்க வேண்டும், அதில் எந்த மாநிலம் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்பது உட்பட. அப்படி ஓர் எண் இருந்தால் "வெறும் ஆறு" என்பது வெறும் ஆறாக இருக்காது, மிச்சத்திலிருந்து கழியும் ஆறாகிவிடும்.

"இங்கே எடுத்ததற்கு ஈடாக வேறொரு இடத்தில் நிலத்தைத் திருத்தித் தருகிறோம்" என்ற வாக்குறுதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சீனாவில் விளைநிலம் 180 கோடி மூவுக்கு (மூ என்பது சீன நில அளவு), அதாவது சுமார் 12 கோடி ஹெக்டேருக்குக் கீழே போகக்கூடாது என்று சிவப்புக் கோடு போட்டு, எடுத்த அளவுக்கு ஈடு காட்ட வேண்டும் என்றார்கள். பரப்பு காகிதத்தில் சரியாக வந்தது. ஆனால் நகரத்தை ஒட்டிய நல்ல நிலம் போய், தூரத்துச் சரிவிலும் வறண்ட இடத்திலும் உள்ள மட்டமான நிலம் பல இடங்களில் அதற்கு ஈடாகக் கணக்கில் ஏறியது. இது தற்செயல் இல்லை. மனிதர்கள் ஆதியில் ஊர் அமைத்ததே நல்ல மண்ணும் தண்ணீரும் பார்த்துத்தான், ஆகவே ஊர் பெருக்கும்போது முதலில் விழுங்குவதும் அதைத்தான். 2017இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, 2030க்குள் நகர விரிவால் போகக்கூடிய விளைநிலம் உலகச் சராசரியைவிட 1.77 மடங்கு விளைச்சல் தருவது என்று கணக்கிட்டது. அப்படிப் போகும் நிலத்தில் சுமார் 80 சதவீதம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கும் என்றும் சொன்னது.

பஞ்சம் வரும், பட்டினி வரும் என்று எழுதாதீர்கள். ஆறு ஹெக்டேரால் பஞ்சம் வராது என்பது அதிகாரிக்கும் தெரியும், அந்த ஒரு வரியால் நீங்கள் எழுதிய மற்றதையும் அவர் நம்பாமல் போவார். இந்த நிலத்தில் என்ன விளைகிறது, வருடத்துக்கு எத்தனை டன், எந்தச் சந்தைக்குப் போகிறது, அங்கே வேலை செய்பவர்கள் எத்தனை பேர்? இந்த நான்குக்கும் பதில் எழுதினால் போதும்.

வேண்டாம் என்றால் வேறெங்கே?

வீடு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், பள்ளியும் ஆஸ்பத்திரியும் எங்காவது வந்துதான் ஆக வேண்டும். "இங்கே வேண்டாம்" என்பதோடு நிறுத்தினால் உங்களை முட்டுக்கட்டைக்காரர் என்று ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே அனுமதி வாங்கியும் வருடக்கணக்கில் கட்டாமல் கிடக்கும் மனைகள், மூடிய தொழிற்சாலை வளாகங்கள், ஊருக்குள் புதர் மண்டிய இடங்கள், இவற்றை ஒரு பட்டியலாக எடுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தால் எடுத்துவிடலாம். மாற்று இடங்களைப் பரிசீலித்தார்களா என்ற கேள்வி ஃபைலில் எங்காவது இருக்கும், பெரும்பாலும் ஒரே பத்தியில் "பொருத்தமான மாற்று இடம் இல்லை" என்று முடித்திருப்பார்கள். உங்கள் பட்டியலுக்கு அந்தப் பத்தியில்தான் வேலை.

சோலார் பண்ணை விஷயம் கொஞ்சம் வேறு. கான்கிரீட் இல்லாமல் தூண் மட்டும் இறக்கினால் நிலத்தைப் பிறகு மீட்க வழி உண்டு, ஆனால் கழற்றி எடுக்கும் செலவுக்கு யார் இப்போதே பணம் கட்டி வைக்கிறார்கள் என்று கேட்காமல் விடாதீர்கள்.

எழுதுவது எப்படி

ஒரே கடிதத்தை அச்சடித்து முந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம், ஒருமுறை. அறிக்கையில் "ஒரே பொருள் கொண்ட மனு ஒன்று பெறப்பட்டது" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அடுத்த முறை இருபது பேர், ஆளுக்கு ஒரு விஷயம்: ஒருவர் வாய்க்கால், ஒருவர் வண்டிப்பாதை, ஒருவர் மண், ஒருவர் போக்குவரத்து. இருபதுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டியிருந்தது.

"எங்கள் வாழ்வாதாரத்தை அழிக்கும் இத்திட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்ற வாக்கியத்துக்கு அதிகாரி எழுதக்கூடிய பதில் "குறிப்பெடுத்துக்கொள்ளப்பட்டது" மட்டும்தான். அதே ஆள் இப்படி எழுதியிருக்கலாம்: "விண்ணப்பத்தின் 14ஆம் பக்கத்தில் இந்த நிலம் பயன்பாட்டில் இல்லை என்று குறிக்கப்பட்டுள்ளது. கடந்த மூன்று ஆண்டுகளாக இங்கே பயிர் செய்ததற்கான படங்களும் ரசீதுகளும் இணைப்பு 2இல் உள்ளன. எனவே இந்தக் குறிப்பைத் திருத்தவும், வேளாண்மைத் துறை கள ஆய்வு செய்யும்வரை முடிவை ஒத்திவைக்கவும் கோருகிறேன்." எந்தப் பக்கம், என்ன தவறு, ஆதாரம் எங்கே, என்ன செய்ய வேண்டும். நான்கும் இருந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் தேவைப்படாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். மேல்முறையீட்டுக்குப் போகும்போது அந்தச் சீட்டுதான் உங்கள் டிக்கெட்.

சட்டம் எதையாவது மேற்கோள் காட்டுவதென்றால் அதன் பெயரை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். காவிரி டெல்டாவுக்காகத் தமிழ்நாட்டில் 2020இல் போட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணையில் எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை மாதிரி தொழில்கள் தடை செய்யப்பட்டிருக்கின்றன; வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. கேரளத்தின் 2008ஆம் வருட நெல்வயல் சட்டம் வேறு வகை. ஒவ்வோர் ஊரிலும் எந்த சர்வே எண் வயல் என்று ஒரு தரவுப் பதிவேடு, அதைக் கவனிக்கும் உள்ளூர்க் குழுவில் வேளாண்மை அலுவலரோடு நெல் விவசாயிகளின் பிரதிநிதிகளும் உண்டு. அங்கே சண்டை நிலம் பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் தொடங்கும்.

விசாரணை நாள்

மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்று நினைத்துத் தயாராகுங்கள், வீட்டில் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள். உங்கள் முறை வருவதற்குள் நீங்கள் சொல்ல நினைத்ததை நான்கு பேர் சொல்லியிருப்பார்கள், ஆகவே யார் எதைப் பேசுவது என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம். நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பிறகு போய்ப் பாருங்கள், ஏறவில்லை என்றால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

விற்க நினைக்கும் விவசாயி

இதைப் பற்றி யாரும் பேசப் பிடிக்காமல் தள்ளிப்போடுவார்கள். நிலம் ஒருவருடையது. கடன் இருக்கும், பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், முதுகு வலிக்கும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை நல்ல விலைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது, அதை விற்காதே என்று விளைச்சலை வாங்கித் தின்னும் நாம் போய்ச் சொல்கிறோம். அவர் வாசலுக்கு முதலில் போங்கள், மனு எழுதுவதற்கு முன்னால். எதிரியாகப் போகாதீர்கள். ஒருமுறை நான் போகாமல் விட்டேன், விசாரணையில் அவர் எழுந்து "நாற்பது வருஷம் நான் நஷ்டத்துல உழுதப்ப இவங்க யாரும் வரலையே" என்று கேட்டார். பதில் சொல்ல எங்கள் பக்கம் யாரும் எழவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்த இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்தில் மாண்ட்கோமரி கவுண்டியில் 1980 முதல், விவசாயி தன் நிலத்தில் வீடு கட்டும் உரிமையை மட்டும் தனியாகப் பிரித்து விற்கலாம். வாங்குபவர் அதை நகரத்துக்குள் கூடுதல் மாடி, கூடுதல் வீடு கட்டப் பயன்படுத்துவார். நிலம் விவசாயியிடமே இருக்கும், பணமும் வரும். பிரான்சில் 1960இல் தொடங்கிய நில அமைப்புகள், விவசாய நிலம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையை வைத்துக்கொண்டு விவசாயம் செய்பவருக்கே அதைத் திருப்பி விடுகின்றன. உங்கள் ஊரில் இப்படி எதுவும் இல்லையென்றால் குறைந்தபட்சம் குத்தகைக்கு எடுக்க ஆள் தேடிக் கொடுக்க முடியுமா என்றாவது பாருங்கள்.

முடிவு வந்த பிறகு

ஜெயித்தால் நிம்மதியாகத் தூங்குங்கள், ஒரு வாரம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2005இல் நகரங்களைச் சுற்றி வயலும் காடுமாக இருக்கும் ஒரு பெரிய பசுமை வளையத்தைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தார்கள். 2022இல் அதிலிருந்து சுமார் 7,400 ஏக்கரை வீடு கட்ட வெளியே எடுத்தது மாகாண அரசு. மக்கள் விடவில்லை, 2023 ஆகஸ்டில் மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் அந்த நிலங்களைத் தேர்ந்தெடுத்த முறையையே குறை சொல்லி அறிக்கை வைத்தார், செப்டம்பரில் அரசு பின்வாங்கியது. பதினேழு வருடம் சட்டத்தில் இருந்த ஒரு கோட்டுக்கே இந்தக் கதி.

தோற்றால் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று அன்றே கேளுங்கள், சில இடங்களில் அது மிகக் குறைவு. அதற்கும் வழியில்லை என்றால் நிபந்தனைகளுக்குப் பேசுங்கள்: வாய்க்காலை மூடாமல் அதே மட்டத்தில் குழாய் போட வேண்டும், பக்கத்து வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், வண்டிப்பாதை அகலம் குறையக் கூடாது, மேல்மண்ணைத் தனியாக எடுத்து, அடிமண்ணோடு கலக்காமல் குவித்து, விவசாயத்துக்கே கொடுக்க வேண்டும். மேல்மண்ணை ஈரமாக இருக்கும்போது தோண்டக் கூடாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள், ஈரத்தில் இயந்திரம் ஏறினால் மண் இறுகிப்போய் எடுத்தும் பயனில்லை. நிபந்தனையை எழுத வைப்பது ஒரு வேலை, நடக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. முதல் பொக்லைன் வரும் நாள் காலை அங்கே இருங்கள், ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள்.